ஏழிசை மன்னரும் இரு தீர்ப்புகளும்

கோவலன் கதையை வகுப்பில் நடத்துந்தோறும் மாணவர் ஒருவரேனும் எழுப்பும் வினா ஒன்றுண்டு. பாண்டியன் மீண்டுமொருமுறை விசாரித்திருந்தால் யாவும் நலமாய் முடிந்திருக்குமன்றோ என்பதே அவ்வினா. அதற்கு விடை தேடும்போதெல்லாம் எமக்கு நினைவில் எழுபவர் எம். கே. தியாகராஜ பாகவதர். மஹய்யாவவில் எம் இளமைக்காலத்தில், மாலை வேளையில் வானொலியில் அவர் குரல் எழுமாயின், முதியோர் பேச்சை நிறுத்திவிட்டுச் செவி சாய்ப்பர். அக்குரலுக்குரியவர் கொலைக் குற்றவாளியெனத் தண்டிக்கப்பட்டவர் என்பதை யாம் பின்னரே அறிந்தோம்.

பாகவதர் 1910ஆம் ஆண்டு மாயவரத்திலே பொற்கொல்லர் குடும்பமொன்றிற் பிறந்தார். வளர்ந்தது திருச்சிராப்பள்ளியில். பள்ளிப் படிப்பில் மனஞ் செல்லவில்லை, பாட்டே உயிராயிற்று. ஒருமுறை வீட்டைவிட்டு ஓடிய சிறுவனைத் தேடிச் சென்ற தந்தையார், கடப்பையிலே மக்கள் சூழ அவன் பாடிக்கொண்டிருக்கக் கண்டார் என்பர். திருச்சியில் நாடகக்கலை வளர்த்த எப். ஜி. நடேச ஐயர், அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடத்தை அச்சிறுவனுக்கு அளித்தார். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றார்.

மேடையிற் புகழ்பெற்ற பவளக்கொடி 1934இல் திரைப்படமாயிற்று. சிந்தாமணி, அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943) என வெற்றிகள் தொடர்ந்தன. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்கள் அவர் குரலிலே பட்டிதொட்டியெங்கும் பரவின. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளிவந்தபோது, அவருக்கு நிகரான நடிகர் தமிழ்த்திரையில் எவருமிலர்.

அந்நாளிற் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது, இந்து நேசன் ஆகிய இதழ்களை நடத்திவந்தார். கலைஞர்தம் அந்தரங்க வாழ்வைப் பற்றி அவதூறு எழுதுவதே அவ்விதழ்களின் தொழில். பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநரிடம் முறையிட, சினிமா தூது நின்றது. இந்து நேசன் தொடர்ந்தது. 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியிலே ரிக்‌ஷாவிற் சென்ற லட்சுமிகாந்தன் கத்தியாற் குத்தப்பட்டார். மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட அவர், மறுநாள் உயிர்நீத்தார்.

முறையீட்டில் ஒப்பமிட்ட மூவரும் கொலைச் சதிக் குற்றத்திற் கைதாயினர். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிமார் முன்னிலையில் நிகழ்ந்த வழக்கில், 1945 மே மாதம் நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அவர் சிறையில் இருந்த காலத்திலும் தொடர்ந்து ஓடி, சென்னை பிராட்வே அரங்கில் ஹரிதாஸ் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர் குரல் மக்கள் நடுவே ஒலித்தது. அவரோ சிறைச்சுவருக்குள் அடைபட்டிருந்தார்.

வழக்கு இலண்டன் கோமறைக் கழகத்தை எட்டியது. நம் இலங்கையின் வழக்குகளும் ஒருகாலத்தில் இறுதித் தீர்வு நாடிச் சென்ற மன்றம் அது. மேன்முறையீட்டை விசாரிக்கும் உயர்நீதிமன்றம் சட்டப்பிழையை மட்டுமன்றி, சாட்சியங்களின் உண்மையையும் ஆராயும் அதிகாரம் உடையது எனக் கழகம் தெளிவுபடுத்தி, வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது. அவ்வாறு ஆராய்ந்த நீதிபதிகள், அச்சாட்சியங்களைக்கொண்டு அவ்விருவரையும் தண்டிக்க இயலாதெனக் கண்டனர். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

பாண்டியன் செய்யத் தவறியதை இங்கே நீதிமன்றம் செய்தது. ஆயினும் யாவும் நலமாய் முடிந்ததா? கிருஷ்ணன் நல்லதம்பி (1949), பணம் (1952) முதலிய படங்களால் மீண்டும் மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. கைதுக்குமுன் ஒப்பந்தமான படங்கள் கைநழுவியிருந்தன. சொந்தத் தயாரிப்பான ராஜமுக்தி (1948) தோற்றது; அமரகவி, சியாமளா (1952), புதுவாழ்வு (1957) ஆகியனவும் பழைய புகழை மீட்கவில்லை. பாட்டு மிகுந்த புராணக் கதைகளின் காலம் மறைந்து, வசனத்தின் காலம் பிறந்திருந்தது. குற்றமற்றவர் என்ற பெயரைச் சட்டம் திருப்பித் தந்தது. உச்சியிலிருந்த ஆண்டுகளை எந்த மன்றத்தாலும் திருப்பித் தர இயலவில்லை.

அசோக்குமார் படத்திலே, பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கண்ணிழக்கும் குணாளனாக அவர் நடித்திருந்தார். அவர்தம் வாழ்வும் அக்கதையை ஒத்து அமைந்தது. நீரிழிவு வருத்த, இறுதிக் காலத்திற் பார்வையும் மங்கியது. 1959 நவம்பர் 1ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் அகவையிலே சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் காலமானார். கடைசிப் படமான சிவகாமி அவர் மறைவின் பின்னரே, 1960இல் வெளிவந்தது.

ஆகவே, மாணவரின் வினாவுக்கு எமது விடை இதுவே: மறுவிசாரணை உயிரையும் பெயரையும் காக்கும், அதனால் அஃது இன்றியமையாதது. ஆனால் முதல் விசாரணையில் நேரும் பிழைக்கு அது முழு ஈடாகாது. நீதியாசனத்தில் அமர்வோர் மட்டுமன்று, பிறர்மீது சொல்லப்படும் பழியை ஆராயாது நம்பும் நாமனைவரும் நினைவிற் கொள்ளத்தக்க உண்மை இது.