தள்ளாத வயதிலும் தளராத பாட்டி

கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால், பலாப்பழமும் மிளகும் வாழைத்தாரும் விற்கும் முதியவர்களைக் காண்கிறோம். தள்ளாத வயதிலும் உழைக்கும் அவர்களைப் பார்க்கும்போது, இதே மலையில் முதுமையைக் கழித்த ஓர் அம்மையார் நம் நினைவுக்கு வருகிறார். அவர்தான் ஈவ்லின் பிராண்ட். பிற்காலத்தில் எல்லாருக்கும் அவர் பிராண்ட் பாட்டி.

1879-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். சீர்திருத்த சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர். 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். சாலை இல்லாத அந்நாளில் இருவரும் ஊர் ஊராக நடந்து நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தார்கள். 1929-இல் கருநீர்க் காய்ச்சல் கணவரைப் பறித்துக்கொண்டது. வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்துப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன்தான்.

எழுபது வயதை நெருங்கியபோது, அனுப்பிய சபை அவருக்கு ஓய்வு கொடுத்தது. நாமாக இருந்தால் ஊர் திரும்பியிருப்போம். அவரோ சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். கணவரோடு சேர்ந்து கண்ட கனவின்படி, கல்வராயன் மலை உள்ளிட்ட மற்ற மலைகளுக்கும் போனார்.

75-ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலில் கிடத்தி, நெடுந்தொலைவு கரடுமுரடான பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். ஓய்வெடுக்கும்படி மகன் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. பயன்படாமல் பாதுகாக்கப்படும் உடலால் என்ன பயன் என்பது அவரது எண்ணம். இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும், மட்டக்குதிரையில் ஏறியும் பணியைத் தொடர்ந்தார். முகத்தில் சுருக்கங்கள் கூடின. கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை.

93 வயதில் குதிரையிலும் உட்கார முடியாமல் போனது. அப்போது மலைமக்கள் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. தோளில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். இப்படி இரண்டு ஆண்டுகள்! 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் அவர் இறந்தார். அவரது விருப்பப்படியே, சவப்பெட்டி இல்லாமல், பழைய பருத்தித் துணியில் சுற்றி அந்த மலை மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, பாட்டியின் மனவலிமையை வியக்கும் நாம், அவரைச் சுமந்த தோள்களை மறந்துவிடக் கூடாது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் சோறு வாங்கித் தரலாம். மதிப்பை வாங்கித் தருமா? எல்லா முதியவராலும் குதிரை ஏற முடியாதுதான். படுக்கையில் கிடப்பவருக்குப் பணிவிடை தேவை. மறதி நோயால் வாடுபவருக்குப் பொறுமை தேவை. விதவைத் தாய்க்குப் பேச்சுத்துணை தேவை. நடமாடக்கூடியவருக்கோ ஒரு பொறுப்பு தேவை. நம் வீட்டுப் பெரியவர் எங்கே போக ஆசைப்படுகிறார், எதைச் செய்ய விரும்புகிறார் என்று கடைசியாக எப்போது கேட்டோம்?

இன்றே கேட்போம். அவர்களுக்குத் தோள் கொடுப்போம்.