இறைச்சி ஆலைகளின் நிழலில் ஓர் ஆயர்

இளையோர் இயக்கம் என்றதும் விளையாட்டுப் போட்டிகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவின் சிகாகோ உயர்மறைமாவட்டத்தில் 1930-ஆம் ஆண்டு கத்தோலிக்க இளையோர் அமைப்பைத் தொடங்கிய துணை ஆயர் பெர்னார்டு ஷீலும் குத்துச்சண்டைப் போட்டிகளை வைத்தே இளைஞர்களை ஈர்த்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் மோதினார்கள். அன்றைய அமெரிக்காவில் அதுவே பெரிய துணிச்சல்.

1888-இல் சிகாகோவில் பிறந்த இவர், 1910-இல் குருவானார். சிறைச்சாலையில் ஆன்மகுருவாகப் பணியாற்றியபோது, மரண தண்டனை பெற்ற இளைஞர்களை அருகிலிருந்து கண்டார். இவர்கள் சிறைக்கு வருமுன்பே நாம் இவர்களைத் தேடிப் போயிருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்குதான் அவருள் வேரூன்றியது.

அந்நகரின் இறைச்சி ஆலைகளுக்குப் பின்னால் 'பேக் ஆஃப் தி யார்ட்ஸ்' என்ற குடியிருப்பு இருந்தது. துர்நாற்றமும் வறுமையும் நிறைந்த இடம். போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக்கியா, அயர்லாந்து, மெக்சிகோ வழிவந்த தொழிலாளர்கள், பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் இனத்துக்கொரு கோவில், மொழிக்கொரு குரு. பக்கத்துப் பங்கினரோடு பேச்சே இல்லை. (இது நமக்குப் புதிய செய்தியா என்ன?)

1939-இல் அங்குள்ள பூங்காவின் பொறுப்பாளர் ஜோசப் மீகனும், சமூக ஆர்வலர் சால் அலின்ஸ்கியும் குடியிருப்போரை ஒன்றுசேர்க்க முயன்றனர். கத்தோலிக்கரான மீகனும் யூதரான அலின்ஸ்கியும் கோவில்கள், தொழிற்சங்கம், கடைக்காரர்கள், மன்றங்கள் என எல்லோரையும் ஒரே மன்றத்தில் அமர்த்த விரும்பினார்கள். தொழிற்சங்கத்தில் பொதுவுடைமைவாதிகள் இருந்ததால் குருக்கள் பலர் தயங்கினர். ஆயர் ஷீல் வெளிப்படையாக ஆதரவு தந்தார், தயக்கம் குறைந்தது. ஜூலை 14-இல் மன்றத்தின் முதல் மாநாடு கூடியது. இரண்டு நாள் கழித்து, தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் பேசிய பெருங்கூட்டத்தின் மேடையில் ஆயரும் அமர்ந்தார். ஆலை முதலாளிகளுக்கு அதைவிடத் தெளிவான செய்தி தேவைப்படவில்லை.

குழந்தைநல மையம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூடான மதிய உணவு, கடன் சங்கம், இளையோருக்குப் பொழுதுபோக்கு வசதிகள் என அம்மக்களே கேட்டுப் பெற்றனர், தாங்களே நடத்தினர்.

ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். 1950-களில் இதே மன்றம் கறுப்பினக் குடும்பங்கள் அங்கே குடியேறாமல் தடுக்கும் அரணாயிற்று. குத்துச்சண்டை மேடையில் ஆயர் உடைத்த சுவரை, தெருவில் மக்கள் மீண்டும் எழுப்பினர். அதைக் கண்டு அலின்ஸ்கியே மனம் வருந்தினார்.

1954-இல் செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிச வேட்டையை வெளிப்படையாகக் கண்டித்த ஷீல், அதே ஆண்டில் தாம் தொடங்கிய இளையோர் அமைப்பின் பொறுப்பிலிருந்து விலகினார். 1969-இல் அரிசோனாவின் டூசான் நகரில் இறைவனடி சேர்ந்தார். அவர் மேடையேறி ஆதரித்த தொழிலாளர்கள் உழைத்த அந்தக் கால்நடைச் சந்தை, 1971-இல் மூடப்பட்டது.