11 கிலோ கம்ப்யூட்டரைத் தூக்கிச் செல்ல வைத்தவர்: திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடம் ஆஸ்போர்னின் கதை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை நேரத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். முதுகில் பை இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலான பைகளுக்குள் லேப்டாப் இருக்கும். அதிலும் சில பைகள் மட்டும் தோளைக் கீழே இழுக்கும். அவை கேமிங், எடிட்டிங், டிசைன் வேலைகளுக்கான பெரிய லேப்டாப்கள். மெஷின் இரண்டரை கிலோ என்றால், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர் தனி.

மேசையில் இருக்கும் முழு கம்ப்யூட்டரையும் அப்படியே கையோடு எடுத்துப் போக வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. அந்த ஆசையை உலகத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் விற்றுக் காட்டியவர், தமிழ்நாட்டில் பிள்ளைப் பருவத்தைக் கழித்து, தமிழ்நாட்டிலேயே கண்ணை மூடியவர். பெயர் ஆடம் ஆஸ்போர்ன்.

யார் இந்த ஆடம் ஆஸ்போர்ன்?

1939 மார்ச் 6-ம் தேதி பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். பாங்காக் சுலாலாங்கார்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அம்மா லூசியா போலந்து நாட்டவர்.

இரண்டாம் உலகப் போர் ஆசியாவை நெருங்கிய 1941-ல், குழந்தைகளுடன் லூசியா திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். காரணம், ரமண மகரிஷி. வேலைக்காகத் தாய்லாந்து திரும்பிய ஆர்தர், ஜப்பானியப் படை உள்ளே நுழைந்ததும் சிறைமுகாமில் சிக்கிக்கொண்டார். அப்பாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று குழந்தை ஆடம் ரமணரிடம் கேட்டதாகவும், அவர் தலையசைத்ததாகவும் ஆசிரம வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. போர் முடிந்த 1945-ல் ஆர்தர் உயிரோடு திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமணரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும், ரமணாசிரமத்தின் 'தி மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கி நடத்தியவரும் இவரே.

ஆடம் படித்தது கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்ட்டில். 11 வயது வாக்கில் இங்கிலாந்து போய்விட்டார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1961-ல் கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டம், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1968-ல் டாக்டர் பட்டம். பிறகு ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. அந்தக் காலத்துக்கு இது செட்டில் ஆன வாழ்க்கை.

எண்ணெய் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டருக்கு எப்படி வந்தார்?

எழுத்து வழியாக. 1970-களின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விளக்கப் புத்தகங்கள் எழுதிக்கொடுக்கும் தொழிலில் இறங்கினார். அப்போதுதான் மைக்ரோபிராசசர் சிப்கள் சந்தைக்கு வந்திருந்தன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சாதாரண ஆளுக்குப் புரியும்படி சொல்ல ஆள் இல்லை.

மைக்ரோகம்ப்யூட்டர் அறிமுகம் பற்றிய புத்தகத்தை ஆஸ்போர்ன் தாமே பதிப்பித்தார். கலிஃபோர்னியாவில் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' கூட்டங்களுக்கே கொண்டுபோய் விற்றார். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் வோஸ்னியாக் போன்றவர்கள் வந்து உட்கார்ந்த அதே கிளப்தான். புத்தகம் லட்சக்கணக்கில் போனது. 1979-ல் தன் பதிப்பகத்தை மெக்ரா-ஹில் நிறுவனத்துக்கு விற்றார்.

கூடவே பத்திரிகையில் பத்தியும் எழுதினார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வாக்குக் கொடுத்த தேதியில் பொருள் தருவதில்லை என்று போட்டுத் தாக்குவார். அந்தத் துறையில் அவருக்கு நண்பர்களும் அதிகம், வேண்டாதவர்களும் அதிகம்.

ஆஸ்போர்ன் 1: அப்படி என்ன இருந்தது அதில்?

அன்றைக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது ஒரு தலைவலி. மெஷின் ஒரு கடை, மானிட்டர் ஒரு கடை, ஃப்ளாப்பி டிரைவ் தனி, சாஃப்ட்வேர் தனி. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இணைத்தால், அது ஓடலாம், ஓடாமலும் போகலாம்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒரே விலை சொன்னால் என்ன என்பதுதான் ஆஸ்போர்னின் யோசனை. ஹோம்ப்ரூ கிளப் கூட்டங்களை நடத்திவந்த இன்ஜினீயர் லீ ஃபெல்சென்ஸ்டீன் வடிவமைத்துக் கொடுத்தார். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' மேடை ஏறியது.

• எடை: சுமார் 11 கிலோ
• திரை: 5 அங்குலம். இன்றைய செல்போன் திரையைவிடச் சின்னது
• பிராசசர்: இசட்-80, வேகம் 4 மெகாஹெர்ட்ஸ்
• ரேம்: 64 கேபி
• சேமிப்பு: இரண்டு ஃப்ளாப்பி டிரைவ்கள்
• விலை: 1,795 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 15,000 ரூபாய்

விலையில்தான் சூட்சுமம். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் மொழி எல்லாம் பெட்டியோடு இலவசம். தனித்தனியாக வாங்கினால் இந்த சாஃப்ட்வேர்களுக்கே சுமார் 1,500 டாலர் ஆகும். ஆக, கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிற மாதிரி.

பார்ப்பதற்குத் தையல் மெஷின் பெட்டி போல இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. விமான சீட்டுக்கு அடியில் நுழைகிற அளவு. பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் பிளக் பாயின்ட் வேண்டும். 11 கிலோ என்பது 25 கிலோ அரிசி மூட்டையில் கிட்டத்தட்ட பாதி. சத்திரத்தில் இறங்கி மெயின்கார்டு கேட் வரை ஒரே கையில் தூக்கி நடந்தால் தோள்பட்டை சொல்லும், அது எவ்வளவு கனம் என்று.

ஆனால், வாங்கியவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆபீஸ் மேசையே கூட வருகிறதே! திரை சின்னதா, பெரிய மானிட்டரை இணைக்கலாம். ஃப்ளாப்பி போதவில்லையா, இரு மடங்கு கொள்ளும்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரு வரிக்கு 52 எழுத்துகள் மட்டுமே தெரிந்த திரையில் 80 எழுத்துகள் காட்டும் இணைப்பும் பின்னால் வந்தது. வாங்கிய பொருளை அப்படியே வைத்திருக்காமல் மேம்படுத்திக்கொண்டே போகலாம் என்ற நிம்மதி இருந்தது.

ஆர்டர்கள் குவிந்தன. உச்சத்தில் மாதத்துக்கு 10,000 மெஷின் வரை விற்றது. முதல் ஆண்டில் சுமார் 60 லட்சம் டாலராக இருந்த விற்பனை, 1982-ல் சுமார் 7 கோடி டாலரைத் தொட்டது.

கோட்டை எப்படிச் சரிந்தது?

1983 செப்டம்பர் 13-ம் தேதி ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் திவால் மனு கொடுத்தது. கண்காட்சி மேடையிலிருந்து நீதிமன்றத்துக்கு வர இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை.

இதற்குக் காரணமாகப் பரவலாகச் சொல்லப்படும் கதை இதுதான். புதிய 'எக்ஸிகியூட்டிவ்' மாடல் கடைக்கு வருவதற்கு முன்பே ஆஸ்போர்ன் அதைப் பற்றிப் பத்திரிகையாளர்களிடம் பெருமையாகப் பேசிவிட்டார். புதுசு வரப்போகிறது என்று தெரிந்ததும், பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டர்களைக் கடைக்காரர்கள் ரத்து செய்தார்கள். பணப்புழக்கம் நின்றது, கம்பெனி படுத்தது. இதற்கு 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் எம்பிஏ வகுப்புகளில் இந்தப் பெயர் அடிபடுகிறது. புது மாடல் பற்றி செல்போன் கம்பெனிகள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கும் இதே பயம்தான் காரணம்.

ஆனால், வாய் மட்டுமே கம்பெனியைக் கவிழ்த்துவிட்டதா? அன்றைய சந்தையைப் பார்த்தால் படம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலாவது, 1982-ல் வந்த கேப்ரோ. ஏறக்குறைய அதே விலை, ஆனால் 9 அங்குலத் திரை. 5 அங்குலத்தைப் பார்த்துக் கண் நொந்தவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

இரண்டாவது, காம்பேக். 1983-ல் கடைக்கு வந்த இதன் பெட்டி எடை ஆஸ்போர்னைவிட அதிகம், விலையும் அதிகம். ஆனால், ஐபிஎம் பிசி-க்கு எழுதிய சாஃப்ட்வேர் அதில் அப்படியே ஓடும். முதல் ஆண்டிலேயே 53,000 பெட்டிகள் விற்றன. உலகம் ஐபிஎம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்போர்ன் மெஷின் சிபி/எம் என்ற பழைய சிஸ்டத்திலேயே நின்றது.

மூன்றாவது, உள்வீட்டுக் கணக்கு. கம்பெனி வளர்ந்த வேகத்துக்கு வரவு செலவைக் கண்காணிக்க முடியவில்லை. மிச்சமிருந்த பழைய மதர்போர்டுகளை வீணாக்க வேண்டாமே என்று, அவற்றுக்குத் திரையும் டிரைவும் பெட்டியும் வாங்கி முழு மெஷினாக்கப் போய்ப் பெரும் பணம் முடங்கியது என்று சொல்பவர்களும் உண்டு. 1983 ஆகஸ்டுக்குள் ஆஸ்போர்ன் 1 விலை 995 டாலராக இறங்கியும் பயனில்லை.

அவசரப்பட்டுப் பேசியது ஒரு காரணம். ஆனால் அது விழுந்தது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த சுவரில்.

அதன் பிறகு என்ன செய்தார்?

சும்மா இருக்கவில்லை. 1984-ல் 'பேப்பர்பேக் சாஃப்ட்வேர்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். மலிவுவிலை நாவல் விற்பது மாதிரி சாஃப்ட்வேரையும் மலிவாக விற்க வேண்டும் என்பது திட்டம். அப்போது லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் சாஃப்ட்வேர் விலை 495 டாலர். அதே மாதிரி இயங்கும் 'விபி-பிளானர்' என்பதை 100 டாலருக்குக் கொடுத்தார்.

1987-ல் லோட்டஸ் வழக்குப் போட்டது. எங்கள் மெனு அமைப்பையும் கட்டளைகளையும் காப்பியடித்துவிட்டார் என்பது புகார். 1990 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஆஸ்போர்ன் நாற்காலியை விட்டு இறங்கினார்.

இதில் வேதனையான விஷயம் பின்னால்தான் வந்தது. போர்லாண்ட் என்ற இன்னொரு கம்பெனி மீதும் லோட்டஸ் இதே மாதிரி வழக்குத் தொடர்ந்தது. மெனு கட்டளைகளுக்குக் காப்புரிமை கோர முடியாது என்று 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. ஆஸ்போர்னுக்கு அது உதவவில்லை. அவர் கடையை மூடி ஆண்டுகள் ஓடியிருந்தன.

கொடைக்கானலுக்குத் திரும்பிய கடைசிக் காலம்

1992-ல் இன்னொரு சாஃப்ட்வேர் கம்பெனி முயற்சி. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மூளையைப் பாதித்த நோயால் சிறு சிறு பக்கவாதங்கள் வரத் தொடங்கின. சிலிக்கான் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு, கொடைக்கானலில் இருந்த சகோதரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பள்ளிக்குப் போன அதே மலையில் சுமார் பத்து ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. 2003 மார்ச் 18-ம் தேதி, தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 64. அமெரிக்க, பிரிட்டன் பத்திரிகைகள் இரங்கல் கட்டுரைகள் எழுதின. அவர் பெயர் தமிழ்நாட்டில் இன்றும் பலருக்குப் புதுசு.

அவர் போட்ட பாதை இன்று எங்கே நிற்கிறது?

பெட்டிக் கம்ப்யூட்டர்கள் 1980-களின் கடைசிக்குள் லேப்டாப்களிடம் தோற்றன. ஆனால் ஆசை சாகவில்லை. 2000-களில் 17 அங்குலத் திரையோடு, 4 கிலோ எடையில் 'டெஸ்க்டாப் ரீபிளேஸ்மென்ட்' லேப்டாப்கள் வந்தன. அடிப்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி ரேம், ஹார்டு டிஸ்க், சிலவற்றில் பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும்கூட மாற்றலாம்.

பிறகு மெலிசு மோகம் வந்தது. 2012-ல் ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது. கழற்றி மாற்றக்கூடிய லேப்டாப் பிராசசர்களை இன்டெல் நான்காம் தலைமுறையோடு முடித்துக்கொண்டது. 2019-ல் டெஸ்க்டாப் பிராசசரோடு வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம் வரிசையும் 2020 மாடலோடு நின்றது. கிராஃபிக்ஸ் மாட்யூலையே மாற்றக்கூடிய 'ஃப்ரேம்வொர்க் 16' போன்ற ஒன்றிரண்டு முயற்சிகள் மட்டும் மறுபடி அந்த வழியில் நடக்கின்றன.

எடை குறைந்தது லாபம்தான். 11 கிலோவைத் தூக்க இன்று யாரும் தயாராக இல்லை. ஆனால் பதிலுக்குக் கொடுத்த விலை, வாங்கிய பிறகு கைவைக்க முடியாத பெட்டி. 8 ஜிபி ரேமோடு வாங்கி, மூன்று வருஷத்தில் திணறினால், பல மாடல்களில் புது லேப்டாப்தான் ஒரே வழி.

எனவே, அடுத்த முறை கடையில் பிராசசர் பெயரையும் தள்ளுபடியையும் கேட்கும்போது இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். ரேம் தனி ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டோடு பற்றவைத்திருக்கிறார்களா? இன்னொரு எஸ்எஸ்டி போட இடம் உண்டா? பதில் தெரியாமல் பணம் கட்டினால், ஆஸ்போர்ன் 1 வாங்கியவருக்கு 1981-ல் இருந்த வசதிகூட உங்களுக்கு இல்லாமல் போகலாம்.