கல் பொறுக்கிய துரை

சென்னை எழும்பூர் பொருட்காட்சி சாலைக்குப் போகிறவர்கள், பழைய ஆயுதங்களைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். தஞ்சை அரண்மனை வாள்கள், கட்டாரிகள், துப்பாக்கிகள்! பிள்ளைகளுக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமே வராது.

அதே பொருட்காட்சி சாலையில், இவற்றை எல்லாம்விடப் பழைய ஆயுதங்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பளபளப்பு இல்லை. கைப்பிடி இல்லை. அவை வெறும் கற்கள்!

அந்தக் கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் பூட்.

பாறை பார்க்க வந்தார்

புரூஸ் பூட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1858-ம் ஆண்டு, தமது 24-வது வயதில், இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்.

ஊர் ஊராக நடக்க வேண்டும். எங்கே என்ன பாறை, எங்கே என்ன மண் என்று குறிக்க வேண்டும். வரைபடம் தயாரிக்க வேண்டும். இதுதான் அவர் வேலை.

பாலாற்றுக்கு வடக்கே உள்ள செங்கற்பட்டுச் சீமை அவர் ஆராய்ந்த பகுதிகளில் ஒன்று. கடற்கரையில் மாமல்லபுரத்தின் கெட்டிப் பாறை. உள்ளே வந்தால் சிவந்த சரளையும் செம்பூராங்கல்லும். அந்தச் சிவந்த சரளைதான் அவருக்குப் புகழ் தேடித் தந்தது!

பிரான்சிலிருந்து வந்த செய்தி

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய வாதம் நடந்தது. பிரான்ஸ் தேசத்தில் பூஷே தெ பெர்த் என்ற சுங்க அதிகாரி இருந்தார். ஆற்றுச் சரளையில் கிடைத்த செதுக்கிய கற்களை அவர் சேர்த்து வந்தார். மிகப் பழைய காலத்து மனிதர்கள் செய்த ஆயுதங்கள் இவை என்றார். பலர் சிரித்தார்கள். 1859-ல் இங்கிலாந்திலிருந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரியே என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்தச் செய்தி பூட்டின் மனத்தில் பதிந்தது. அத்தகைய கற்கள் இந்த நாட்டிலும் இருக்கலாம் அல்லவா?

பல்லாவரம் பரேடு மைதானம்

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பட்டாளம் தங்கும் இடம். பரேடு மைதானத்தில் சரளை தோண்டிய ஒரு சிறு குழி. பூட் அதில் இறங்கிப் பார்த்தார்.

ஒரு கல் கண்ணில் பட்டது. இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஓரம் கூராக்கப்பட்ட கல். ஆற்று நீர் உருட்டிய கல் அப்படி இராது. மனிதன் கைதான் அதைச் செதுக்கியிருக்க வேண்டும்!

அது ஒரு கைக்கோடரி. வெட்டவும் கிழிக்கவும் தோண்டவும் ஆதி மனிதனுக்கு உதவிய கருவி அது. பழைய கற்காலக் கருவி ஒன்று இந்தியாவில் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் தடவை.

அந்தக் காலச் சிப்பாய்களின் கையில் இருந்தது கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி. முனையில் செருகச் சனியன் உண்டு. அதற்கு முந்திய துப்பாக்கியில் நெருப்புப் பொறி பறக்கச் சக்கிமுக்கிக் கல் வைத்திருந்தார்கள். கேப்பு வந்ததும் துப்பாக்கியில் கல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த நாளில்தான், சிப்பாய்களின் காலடி மண்ணிலிருந்து மனிதனின் ஆதி ஆயுதம் வெளியே வந்தது!

அதே ஆண்டு செப்டம்பரில், பூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள்.

முத்திரை இல்லாத ஆயுதம்

பட்டாளத் துப்பாக்கி சேர்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் இரும்புத் தகட்டில் கிரீட முத்திரையும் ஆண்டும் பொறித்திருக்கும். அதைப் படித்தால் விவரம் தெரியும்.

கல்லில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்பதை எடுத்தவர் எழுதிவைக்காவிட்டால் அது கவணில் வைத்து எறியும் கல்லுக்குச் சமம்.

பூட் இதை நன்றாக அறிந்திருந்தார். கல்லை எடுத்தால் கிடைத்த இடத்தையும் குறித்தார். வேலை நிமித்தம் தென்னாட்டில் எங்கே போனாலும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அவர் கணக்கில் சேர்ந்தன.

தமிழோடு உறவு

பூட்டின் மாமனார் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பிறகு சென்னையில் 'தினவர்த்தமானி' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே.

பூட் 1891-ல் ஓய்வு பெற்றார். பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் பணி புரிந்தார். ஏற்காட்டில் வீடு. அங்கே தாம் சேர்த்த கற்களுக்குப் பட்டியல் எழுதினார்.

1904-ல் அவருடைய சேகரிப்பைச் சென்னைப் பொருட்காட்சி சாலை விலைக்கு வாங்கியது. கற்கள் சிதறிப் போகவில்லை. சென்னையிலேயே தங்கின.

1912 டிசம்பரில் கல்கத்தாவில் பூட் காலமானார். அவர் எழுதிய பட்டியல் 1914-ல்தான் புத்தகமாக வெளிவந்தது. அச்சான புத்தகத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

15 லட்சம் ஆண்டுகள்!

அந்தக் கற்களின் சரியான வயது பூட்டுக்குத் தெரியாது. அதை அளக்கும் வழி அன்று இல்லை. பின்னாளில் அறிஞர்கள் அவர் குறித்துவைத்த அத்திரம்பாக்கத்திலேயே மறுபடியும் தோண்டினார்கள். அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் அறிவித்தார்கள்.

பல்லாவரம் இன்று வீடும் கடையுமாக நெருங்கிக் கிடக்கிறது. பூட் இறங்கிய குழியைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அவர் எடுத்த கற்கள் இருக்கின்றன. எங்கே எடுத்தார் என்ற குறிப்பும் இருக்கிறது.

அடுத்த தடவை எழும்பூருக்குப் போகும்போது, வாளையும் துப்பாக்கியையும் பார்த்த பிறகு, பிள்ளைகளுக்கு அந்தக் கற்களையும் காட்டுங்கள்.