திருச்சானூர் தந்த சபாநாயகர்

திருமலை சென்று திருவேங்கடமுடையானைத் தொழும் நம்மவர், அடிவாரத்தையடுத்த திருச்சானூருக்கும் சென்று அலர்மேல்மங்கைத் தாயாரை வணங்கிய பின்னரே ஊர் திரும்புவது வழக்கம். அத்திருத்தலத்தில் பிறந்த ஒருவர் பாரத நாட்டின் லோக் சபையில் ஆறாண்டுகளுக்கு மேல் சபாநாயகராக வீற்றிருந்தார் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார் என்னும் அப்பெரியாரின் பணிகளை இவ்விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமேயாகும்.

அய்யங்கார் 1891 பிப்ரவரி 4ஆம் நாள் பிறந்தார். அந்நாளில் திருச்சானூர் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சித்தூர் ஜில்லா 1911இல்தான் தனியே அமைந்தது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற அவர், சிறிது காலம் கணித ஆசிரியராக இருந்து, 1915இல் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஓராண்டு அத்தொழிலைத் துறந்தார். தனிநபர் சத்தியாக்கிரகத்திலும், பின்னர் 1942ஆம் ஆண்டுப் போராட்டத்திலும் சிறை புகுந்து, 1944இல் வெளிவந்தார்.

1934இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அங்கே அன்னியர் ஆட்சியின் வரவு செலவுகளைக் கேள்விக்கணைகளால் துளைத்தமையால் அவரைச் சட்டசபையின் எம்டன் என்று அழைத்தனர். 1914இல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி மறைந்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. நம் வீடுகளில் இன்றும் வல்லவனைக் குறிக்க வழங்கும் சொல். இத்தகைய பேச்சாளர் பிற்காலத்தில் பேசாமை காக்கும் ஆசனத்தில் அமர நேர்ந்ததே அவர் வாழ்வின் விந்தை.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் அங்கத்தினர். அரசியல் சட்டத்தின் மொழிப் பிரிவுகளை முன்ஷியுடன் சேர்ந்து வகுத்த அய்யங்கார் இவரே என்று சிலர் மயங்குவதுண்டு. அவர் கோபாலசாமி அய்யங்கார். அனந்தசயனம் அய்யங்கார் கிராமப் பஞ்சாயத்துகளுக்காக வாதாடியவர். காந்தியடிகள் மறைந்து இரு திங்கள் கழிந்த நிலையில், 1948 ஏப்ரல் 3ஆம் நாள் அவர் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். மதமோ சாதியோ காரணமாக ஒருவரைச் சேர்த்தோ விலக்கியோ இயங்கும் வகுப்புவாத ஸ்தாபனங்கள் சமயம், பண்பாடு, கல்வி, சமூக நலம் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும், அரசியலில் இறங்கலாகாது என்பது அதன் சாரம். சபை அதனை ஏற்றது.

அவ்வாண்டே உப சபாநாயகரானார். 1950இல் மதிப்பீட்டுக் குழு அமைந்தபோது அதன் முதல் தலைவரும் ஆனார். மந்திரிகள் எவரும் இக்குழுவில் இடம் பெறலாகாது. ஒவ்வோர் இலாகாவும் கேட்கும் பணம் தேவைதானா, சிக்கனத்துக்கு வழியுண்டா என்று ஆராய்வதே இதன் கடமை. பழைய கணித ஆசிரியருக்கு ஏற்ற பணியன்றோ!

1956 பிப்ரவரியில் மாவலங்கர் காலமானார். மார்ச் 8ஆம் நாள் அய்யங்கார் சபாநாயகராகத் தேர்வு பெற்றார். 1952இல் திருப்பதித் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்றவர், 1957இல் சித்தூரிலிருந்து சென்று மீண்டும் அப்பதவியை ஏற்றார். சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை. இரு தரப்பும் சமமானால் மட்டுமே அவருக்கு வாக்குண்டு என்பது அரசியல் சட்டத்தின் விதி. ஆகவே இக்காலத்தில் அவர் எப்பக்கம் வாக்களித்தார் என்று தேடுவது வீண். எவ்வெவ் விவாதங்களுக்கு நடுநிலை வகித்தார் என்பதே காணத்தக்கது.

1957 டிசம்பரில் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன் பணம் முந்திரா கம்பெனிகளில் போடப்பட்டதை, ஆளுங்கட்சியினரான பெரோஸ் காந்தியே அச்சபையில் அம்பலப்படுத்தினார். விசாரணை நிகழ்ந்து, 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

1959இல் வந்த எல்லை மசோதா நம்மவர் நெஞ்சைத் தொடுவது. 1953இல் ஆந்திர ராஜ்யம் தோன்றியபோது சித்தூர் ஜில்லா முழுதும் அதனைச் சேர்ந்தது. திருத்தணிக்காகத் தமிழர் கிளர்ச்சி செய்தனர். பின்னர்ப் படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டிச் சட்டம் இயற்றப்பெற்று, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலூகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தை அடைந்தது. செங்கற்பட்டு ஜில்லாவின் சில பகுதிகள் ஆந்திரத்தை அடைந்தன. சபாநாயகரின் சொந்த ஜில்லாவே பிரிக்கப்படும் மசோதா அது! எனினும் எக்கட்சிக்கும் பொதுவானவராக இருப்பதே அவ்வாசனத்தின் தர்மம்.

பெண்ணைப் பெற்றோர் மறக்கலாகாத நாட்கள் 1961 மே 6ஆம் 9ஆம் நாட்கள். வரதட்சிணைத் தடை மசோதாவைப் பற்றி இரு சபைகளும் ஒத்துப்போகவில்லை. திருமணத்தில் அளிக்கும் பரிசுகளும் வரதட்சிணையாகுமா என்பது முக்கிய வழக்கு. ஆகவே இரு சபைகளும் ஒருங்கே கூடின. குடியரசு ஏற்பட்ட பின் நிகழ்ந்த முதல் கூட்டுக் கூட்டம் அதுவே. தலைமை வகித்தவர் அய்யங்கார். சட்டம் நிறைவேறிற்று, ஆனால் நகையும் துணியும் ரொக்கமும், திருமணத்துக்குப் பிரதியாகத் தரப்பட்டாலன்றி, வரதட்சிணை ஆகா என்னும் விளக்கமும் அதில் நின்றது. அவ்விளக்கத்தை நீக்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் செய்தவர் தம் பணியை முடித்தனர். இல்லங்களில் முடிய வேண்டிய பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.

1962இல் சபாநாயகர் பதவியிலிருந்து நீங்கிப் பீகார் கவர்னராகி, 1967 வரை அப்பொறுப்பை வகித்தார். பின்னர்த் திருப்பதிக்கே மீண்டு, அங்குள்ள சமஸ்கிருத வித்தியாபீடத்தின் வளர்ச்சியில் ஈடுபட்டார். 1978 மார்ச் 19ஆம் நாள், தமது 87ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வாதாடுவோர் பலர் கிடைப்பர். எல்லோரையும் வாதாட விட்டுத் தாம் பொறுமை காப்போர் அரியர். நமது காலனியின் சிறு பொதுக்கூட்டத்துக்கும் அத்தகைய தலைமையே அழகு. அடுத்த முறை திருச்சானூர் செல்லும் அன்பர்கள், தாயாரைத் தொழுத பின், அவ்வூரின் இந்தப் புதல்வரைத் தம் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.