புள்ளினம் காத்த சலீம் அலி

வையாவிக் கோப்பெரும் பேகன் என்னும் வள்ளல், மலைச்சாரலில் அகவிய மயிலொன்றைக் கண்டு, அது குளிரால் நடுங்குகின்றது என்று எண்ணித் தன் போர்வையை ஈந்தான். மயில் போர்வையைப் போர்த்துக்கொள்ளுமா என்று அவன் ஆராய்ந்திலன். ஆராயாது சுரந்த அந்த அருளைச் சான்றோர் கொடைமடம் என்று பெயரிட்டுப் போற்றினர். அருள் உள்ளம் உயர்ந்ததே. ஆயினும், காடுகள் அருகி, ஏரிகள் தூர்ந்து, பறவைகள் தங்க இடமின்றி அலமரும் இக்காலத்தில் அருள் மட்டும் போதாது. ஒரு பறவை எங்கு வாழ்கின்றது, எதனை உண்கின்றது, எந்த மரத்தில் கூடு கட்டுகின்றது, எத்திங்களில் எங்கிருந்து வருகின்றது என்பவற்றை அறிந்தாலன்றி அதனைக் காத்தல் இயலாது. அன்போடு அறிவும் வேண்டும் என்னும் இவ்வுண்மையைத் தம் தொண்ணூறாண்டு வாழ்வால் விளக்கிக் காட்டியவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

இவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், இன்று மும்பை என வழங்கும் பம்பாய் மாநகரில் பிறந்தார். பல மக்களைப் பெற்ற குடும்பத்தில் இவரே கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர்தம் மனைவியார் அமீதா பேகமும் தம் மக்களைப் போலவே வளர்த்தனர். மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். அவர் மருமகனுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கித் தந்தார். வீட்டுத் தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் சிட்டுக்குருவிகளைச் சுட்டு வீழ்த்துவதே சிறுவன் சலீமின் பொழுதுபோக்காயிற்று. பிற்காலத்தில் பறவைகளின் காவலராக விளங்கியவர் இளமையில் அவற்றின் பகைவராக இருந்தார் என்பது வியப்பன்றோ?

பத்து வயதளவில் ஒருநாள் அவர் வீழ்த்திய குருவி, ஏனைய குருவிகளினின்றும் வேறுபட்டிருந்தது. அதன் தொண்டையில் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று காணப்பட்டது. சமய நெறிப்படி அதனை உண்ணலாமோ ஆகாதோ என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. குருவியை மாமனிடம் கொண்டு சென்றான். அது எவ்வகைக் குருவி என்பது அவருக்கும் விளங்கவில்லை. தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர்க்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அவனை அனுப்பினார்.

அக்கழகத்தின் வரலாறு அறியத்தக்கது. 1883-ஆம் ஆண்டு பம்பாயில் வாழ்ந்த எண்மர் கூடி அதனைத் தொடங்கினர். அவருள் இருவர் இந்திய மருத்துவர். விலங்கு, பறவை, பூச்சி, செடி கொடிகளைப் பற்றித் தாம் கண்டவற்றைத் தம்முள் பகிர்ந்துகொள்வதே அவர்தம் நோக்கம். உறுப்பினர் ஒருவரது கடையின் ஓர் அறையிலே அக்கழகம் சில காலம் நடைபெற்றது. இயற்கையில் ஈடுபாடுடைய எளிய குடிமக்கள் ஓய்வு நேரத்திற் கூடிய அக்கழகம், நாளடைவில் உலகம் மதிக்கும் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது.

கடிதத்தையும் குருவியையும் கையிலேந்தி, அச்சத்தோடு சென்ற சிறுவனைச் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் இன்முகத்துடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். நிலைப்பேழைகளின் அறைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். அவற்றில் பஞ்சடைத்துப் பதப்படுத்திய பறவைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. இவ்வளவு வகைப் பறவைகள் நம் நாட்டில் உள்ளனவா என்று சிறுவன் திகைத்தான். மில்லார்டு அவனுக்கு நூல்களைக் கொடுத்தார்; பறவைகளைப் பதப்படுத்தும் முறையைக் கற்க வழிசெய்தார். ஒரு சிறுவனின் கேள்வியை அற்பமென்று தள்ளாது மதித்த அந்தப் பண்பே, பாரத நாட்டுக்கு ஒரு பேரறிஞரைத் தந்தது.

ஆயினும், சலீம் அலியின் வழி எளிதாக அமையவில்லை. கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு 1914-ஆம் ஆண்டில் பர்மா சென்றார். அங்கே குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் பார்த்துக்கொண்டார். ஆனால் அவர் உள்ளம் தொழிலிற் படியாது காட்டுப் பறவைகளின் பின்னே சென்றது. 1917-இல் பம்பாய் திரும்பி வணிகக் கல்வியும் விலங்கியலும் பயின்றார். 1918-ஆம் ஆண்டில் தெகமீனா என்னும் நற்குண நங்கையை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சிச் சாலையில் காட்சிப் பொருள்களை விளக்கிக் கூறும் பணி வாய்த்தது. மேலும் கற்க வேண்டும் என்னும் வேட்கையால் அவர் செர்மானிய நாட்டுப் பெர்லின் நகரை அடைந்து, சிட்ரேசுமன் என்னும் பறவையியல் பேராசிரியரிடம் பயிற்சி பெற்றார். 1930-இல் தாயகம் திரும்பியபோது, பொருள் முட்டுப்பாட்டால் அவர் பார்த்த பணியே நீக்கப்பட்டிருந்தது.

கற்ற கல்வி இருந்தும் ஊதியம் இல்லை. வேறொருவராயின் மனம் உடைந்திருப்பர். சலீம் அலியும் தெகமீனாவும் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிகீம் என்னும் கடற்கரைச் சிற்றூரிற் குடியேறினர். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. அவர் நாள்தோறும் மறைவில் அமர்ந்து, ஒவ்வொரு கூட்டின் நிகழ்ச்சியையும் குறித்துவந்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைகின்றது. பெண்குருவி வந்து அதனுள் நுழைந்து ஆராய்கின்றது. அதற்குக் கூடு பிடித்திருந்தால் அங்கேயே தங்குகின்றது. ஆண் எஞ்சிய பகுதியை முடித்துக் கொடுக்கின்றது. பின்னர் அந்த ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி, மற்றொரு பெண்ணை எதிர்பார்க்கின்றது. நாம் அன்றாடம் காணும் குருவியின் வாழ்வில் மறைந்திருந்த இந்தச் செய்தியைச் சலீம் அலியின் பொறுமை வெளிப்படுத்திற்று. கழகத்தின் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை அவருக்குப் புகழ் தந்தது. வேலையிழந்த காலமே அவருக்கு விளைநிலமாயிற்று.

அதன்பின் சலீம் அலி ஒரு புதுவழி கண்டார். பயணச் செலவையும் தங்கும் வசதியையும் ஏற்றுக்கொள்ளும் சமத்தானங்களுக்கு, ஊதியமின்றிப் பறவைக் கணக்கெடுத்துத் தருவதாக அறிவித்தார். ஐதராபாது, திருவிதாங்கூர், கொச்சி முதலிய நாடுகளின் காடுமேடெல்லாம் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சுற்றினார். தெகமீனாவும் கூடாரங்களில் உடன் தங்கி இன்னல்களைப் பகிர்ந்துகொண்டார். அத்துணை நலம் வாய்ந்த துணைவி 1939-ஆம் ஆண்டில், சிறு அறுவை மருத்துவத்திற்குப்பின் உயிர் நீத்தார். அத்துயரம் சலீம் அலியை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை. தமக்கையார் இல்லத்தில் தங்கி, பறவைப் பணியிலேயே ஆறுதல் தேடினார்.

அக்காலத்தில் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டெடுத்துப் பதப்படுத்துதல் வழக்கம். சலீம் அலியும் அவ்வாறு செய்தார். இனம் பிரித்து அறிதற்கு அது வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயினும், அறிவுக்காக அளவோடு எடுத்தலும் ஆரவாரத்துக்காகக் கொன்று குவித்தலும் ஒன்றல்ல என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

1941-ஆம் ஆண்டில் அவர் எழுதிய இந்தியப் பறவைகளைப் பற்றிய நூல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. அதனைக் கையிற்கொண்டு ஒரு பள்ளி மாணவனும் தன் ஊர்ப் பறவையை இனங்காண இயலும். பின்னர் அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்திய, பாக்கித்தான் பறவைகளைப் பற்றிய கையேட்டை 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர்.

தென்குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் நாரையைத் தம் மனைவிபால் தூதுவிட்டார் சத்திமுத்தப் புலவர். பறவைகள் பருவந்தோறும் வலசை போவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். எங்கிருந்து எங்குச் செல்கின்றன என்பதைத் திட்டமாக அறிதற்குச் சலீம் அலி பறவைகளின் காலில் வளையமிடும் முறையைப் பரப்பினார். வலையிற் பிடித்த பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய வளையத்தைப் பூட்டி விடுவிப்பர். தொலைநாட்டில் அதனைக் காண்போர் பம்பாய்க் கழகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவிலே கண்டெடுக்கப்பட்டன. நம் சோழநாட்டுக் கடற்கரையாகிய கோடிக்கரையிலும் கழகத்தார் பல்லாண்டுகள் முகாமிட்டு ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிட்டனர். அவ்விடம் 1967-இல் காப்பிடமாயிற்று.

இராசத்தானத்துப் பரத்பூரில் பரந்த சதுப்பு நிலம் ஒன்று உண்டு. அது மன்னரின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அரசப் பிரதிநிதி லின்லித்கோவும் அவர்தம் விருந்தினரும் அங்கு ஒரே நாளில் 4,273 பறவைகளை வீழ்த்தினர். அன்று சலீம் அலிக்கு நாற்பத்திரண்டாம் பிறந்தநாள் என்பது நினைக்கத்தக்கது. நாடு விடுதலை பெற்றபின், அந்நிலத்தை வற்றச்செய்து உழவுக்குத் தரவேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. உழவரின் கோரிக்கை பொருளற்றதன்று. எனினும், அச்சதுப்பு நிலம் அழியின் பல்லாயிரம் பறவைகள் புகலிடம் இழக்கும் என்பதைச் சலீம் அலி தலைமையமைச்சர் நேருவிடம் எடுத்துரைத்தார். நிலம் தப்பியது, 1956-இல் பறவைக் காப்பிடமாயிற்று, 1985-இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

அக்காப்பிடத்தின் வரலாற்றில் மற்றொரு பகுதியையும் நாம் மறத்தலாகாது. எருமைகள் மேய்தல் பறவைகளுக்குக் கேடு என்று அறிஞர் பலர் கருதினர். சலீம் அலியின் கருத்தும் அதுவே. 1982-இல் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர். காவலர் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். தடைக்குப் பின், எருமைகள் மேய்ந்து அடக்கி வைத்திருந்த புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. பத்தாண்டுகள் அங்கே ஆராய்ந்த பம்பாய்க் கழகத்தாரே, எருமைகளால் அச்சதுப்பு நிலத்துக்கு நன்மை உண்டு என்று கண்டு வெளியிட்டனர். பேரறிஞர் கருத்தாயினும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும் என்பதும், காட்டைச் சார்ந்து வாழும் மக்களின் அனுபவ அறிவையும் கேட்டறிய வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். தம் தலைவர் கருத்துக்கு மாறானதாயினும் உண்மையை மறையாது வெளியிட்டமை அக்கழகத்துக்குப் பெருமையே.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்னாற்றல் அணை கட்டத் திட்டமிட்டபோது, அங்குள்ள மழைக்காட்டைக் காக்க ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் கிளர்ந்தெழுந்தனர். முதுமையை அடைந்திருந்த சலீம் அலியும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தார். திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறுபதாண்டுகள் காட்டிற் கண்டு எழுதியவர் என்பதனால், ஆள்வோரும் அவர் சொல்லைச் செவிமடுத்தனர்.

அரசு அவருக்கு 1958-இல் பத்மபூசண் விருதும், 1976-இல் பத்மவிபூசண் விருதும் அளித்தது. 1976-இல் 50,000 டாலர் கொண்ட பன்னாட்டுப் பரிசு ஒன்றும் கிடைத்தது. வறுமையை அறிந்த அவர், அதனை இயற்கைக் காப்பு நிதியாக்கிக் கழகத்தின் பணிக்குத் தந்தார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டிலேயே தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டு, அதற்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1987-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் பெயரால் கோயம்புத்தூருக்கு அருகில் பறவையியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1990 முதல் நடைபெறுகின்றது. நம் மேகமலையில் முதலிற் கண்டெடுக்கப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றும் அவர் பெயர் தாங்கியுள்ளது. எண்மர் கூடிய பம்பாய்க் கழகத்தைப் போன்ற இயற்கைக் கழகங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன. சென்னையிலும் அத்தகைய கழகம் 1978-இல் தோன்றியது. விடியற்காலையில் ஏரிக்கரையிற் கூடிப் பறவைகளை எண்ணிக் குறிப்பதும், சதுப்பு நிலங்களைக் காக்க வேண்டி அரசுக்கு விண்ணப்பிப்பதும் அவற்றின் பணி. பொங்கல் திருநாளில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கின்றது. அதில் மாணவரும் பங்கு கொள்கின்றனர்.

மாணவர்களே! உங்கள் பள்ளி வேம்பில் வந்தமரும் பறவைகள் எத்தனை வகை? அவற்றுள் ஆண்டு முழுதும் தங்குபவை எவை, பனிக்காலத்தில் மட்டும் வருபவை எவை? ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் இருந்தால் இவ்வினாக்களுக்கு நீங்களே விடை காணலாம். அவ்வாறு கண்ட விடைகள், உங்கள் ஊர் ஏரிக்கு இடர் நேரும் நாளில் அதனைக் காக்கும் சான்றுகளாகும். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். சலீம் அலி பறவைகளுக்கு அவற்றின் நீர்நிலையையும் காட்டையும் மீட்டு அளித்தார். இருவர்க்கும் அருள் ஒன்றே. அவ்வருளை அறிவு வழிநடத்தியமையால் சலீம் அலியின் கொடை பறவைகளுக்குப் பயன்பட்டது.