மண்ணுக்கும் கணக்கு எழுதியவர்: ஜே. சி. குமரப்பா

வணிகம் செய்வோர் ஆண்டு முடிவில் முதல் எது, வருமானம் எது என்று பிரித்துப் பார்ப்பர். முதலை எடுத்துச் செலவிட்டுவிட்டு அதனை இலாபம் என்று எழுதி வைப்பவர் விரைவில் கடையை அடைக்க நேரும். நம் கடைவீதிப் பெரியவர்கள் நன்கறிந்த இந்த எளிய கணக்கை நாட்டின் மண்ணுக்கும் நீருக்கும் காட்டுக்கும் பொருத்திப் பார்த்த தமிழர் ஜே. சி. குமரப்பா ஆவார்.

அவர் 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித்துறை அலுவலர். இலண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்ற குமரப்பா, தாயின் அழைப்புக்கு இணங்கி 1919இல் நாடு திரும்பி, பம்பாயில் கூட்டாளியுடன் தணிக்கை நிறுவனம் நடத்தினார். நடை, உடை, உணவு அனைத்தும் ஆங்கிலேயர் முறையே. பின்னர் அமெரிக்கா சென்று சைரகியூசில் வணிக நிருவாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலும் பயின்றார். அங்கே ஆய்வுக்கு எடுத்த பொருள்தான் அவரை மாற்றியது. இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரி, செலவு முறைக்கும் உள்ள தொடர்பை எண்களால் ஆராயத் தொடங்கியவர், தம் செல்வ வாழ்க்கை யாருடைய உழைப்பில் நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்தார். கார்னீலியஸ் என்ற பெயரை நீக்கி, குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பாவை ஏற்றதும் அக்காலத்தில்தான்.

அந்த ஆய்வேட்டை அச்சிடும் நோக்கத்துடன் 1929 மே 9ஆம் நாள் சபர்மதி சென்றார். மேலைநாட்டு உடையில் வந்தவர், மரத்தடியில் சாணமிட்ட தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என்பதை முதலில் அறியவில்லை. அறிந்ததும் கால்சட்டை கசங்குவதைப் பாராமல் தரையில் அமர்ந்தார். ஆய்வேடு ‘யங் இந்தியா’வில் தொடராக வெளிவந்தது. குசராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையைக் கணக்கெடுக்கும் பணியும் அவரிடம் வந்தது. உப்புப் போர்க் காலத்தில் அவ்விதழின் பொறுப்பை ஏற்றுச் சிறையும் சென்றார். பம்பாயின் தணிக்கையாளர் இவ்வாறு தேசிய அரசியலுக்குள் நுழைந்தார்.

1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மிகச் சிறு தொகையே உணவுச் செலவென வரையறுத்தார். காந்தியடிகளும் உடன் வந்தோரும் அங்கு வந்தபோது அவர்களுடைய செலவையும் அந்நிதியிலிருந்து தர மறுத்துவிட்டார் என்பர். அடிகள் அதற்காக வருந்தவில்லை. பிறர் பொருளை அமானிதம் எனக் கருதும் நம் வீடுகளில் வளர்ந்தோர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. அமானிதத்தின் எல்லையைப் பணப்பெட்டியோடு நிறுத்தாமல் நிலத்துக்கும் அவர் விரித்ததுதான் புதிது.

அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் அவரே நடத்தினார். செக்கு, கைக்குத்தல் அரிசி, கையால் செய்த காகிதம், பனைவெல்லம் ஆகியவற்றில் அங்கே ஆராய்ச்சிகள் நிகழ்ந்தன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கும் உருவாயிற்று. கரும்புக்கு நல்ல நஞ்சை நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். பனையோ தரிசிலும் தானே நிற்கும். அங்ஙனமிருக்க, உணவு விளையும் நிலத்தை ஏன் சர்க்கரை ஆலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1942 இயக்கத்தை ஒட்டிச் சிறைப்பட்டபோது ‘எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ என்ற நூலை எழுதினார். ஆண்டுதோறும் மழையாலும் வெயிலாலும் மீண்டும் வளர்வது இயற்கையின் வருமானம். நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. இருப்பை நம்பி வாழும் நாடுகள் அது குறையும்போது அடுத்தவர் இருப்புக்காகப் போரிடும் என்பது அவர் கண்ட முடிவு. காட்டை அரசின் வருவாய் இனமாகக் கருதாமல், சூழ வாழும் மக்களின் தேவைக்குரியதாகக் கருத வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

அயோத்தியாப்பட்டணம் வழியாக ஆத்தூர்ச் சாலையில் செல்லும்போதெல்லாம் இந்நூல் என் நினைவுக்கு வருகிறது. கவலை பூட்டி இறைத்த கிணறுகளின் நீர், பெய்த மழையின் வருமானம். இன்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கும் ஆழ்துளைக் குழாய்கள் எடுப்பது எதனை? மரவள்ளி அரைக்கும் சேகோ ஆலைகளும் சாயப்பட்டறைகளும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அதனை மறுக்க இயலாது. ஆனால் அவற்றின் கழிவு கலந்து திருமணிமுத்தாறு கெட்டதை எந்தப் பேரேட்டில் எழுதினோம்?

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை அளித்தார். ஆயினும் பெருந்தொழிலை நம்பிய ஆட்சியாளரோடு அவர் ஒத்துப்போக முடியவில்லை. நேருவின் தலைமையில் 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்தே விலகியவர் அவர். சொல்லில் கடுமை மிகுதி, சமரசம் அறியாதவர். இரசாயன உரத்தை அவர் எதிர்த்த அளவுக்கு எதிர்த்திருந்தால் பின்னாளைய உணவுப் பஞ்சத்தை நாடு எவ்வாறு கடந்திருக்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு. உரமிட்டுச் சலித்த நிலங்களைக் காணும்போது அந்த ஐயமும் தளர்கிறது.

இல்லறம் ஏற்காத குமரப்பா, இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். அவருடைய குடிலில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழை உழவரின் படமும் இருந்தது. முன்னதைத் தம் தலைவர் என்றும், பின்னதைத் தம் தலைவரின் தலைவர் என்றும் வருவோர்க்கு அறிமுகம் செய்வாராம். அடிகள் மறைந்த அதே ஜனவரி 30ஆம் நாளில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1960இல், அவரும் மறைந்தார்.